கான்கிரீட் தளம் திட்டுத் திட்டாக நிறம் மாறியிருக்கிறதா? ஆசிட் பாட்டிலைத் தூர வையுங்கள்

முதலில் ஒரு வாளி தண்ணீர் எடுத்துக்கொண்டு வாருங்கள். பிரஷ், கெமிக்கல், பெயின்ட் எல்லாம் அப்புறம்.

கார் ஏறி இறங்கும் கான்கிரீட் தளத்தில் ஒரு இடம் கருப்பு, ஒரு இடம் வெளுப்பு, நடுவில் மேகம் மாதிரி ஒரு திட்டு என்று இருந்தால், கருத்த இடத்தில் கொஞ்சம், வெளுத்த இடத்தில் கொஞ்சம் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து பாருங்கள். நனைந்தவுடன் இரண்டும் ஒரே நிறமாகி, காய்ந்ததும் அந்த வெளுப்பு மட்டும் திரும்ப வந்தால், அது பெரும்பாலும் உப்புப் பூத்தல். மேலே படிந்த வேலை, எடுத்துவிடலாம். நனைந்த பிறகும் கருத்த இடம் கருப்பாகவே நிற்கிறது என்றால் நிறம் சிமெண்ட்டுக்குள் இருக்கிறது, அல்லது எண்ணெய் மாதிரி ஏதோ உள்ளே ஊறியிருக்கிறது. தண்ணீர் உள்ளே இறங்காமல் முத்து முத்தாக நிற்கிறதா? அங்கே தண்ணீர் புகாமல் இருக்க முன்பு அடித்த சீலரோ எண்ணெயோ இருக்கிறது. ஒரு திட்டு மட்டும் மடமடவென்று குடித்துவிடுகிறதா? அந்த இடத்துக் கலவையில் தண்ணீர் அதிகமாகப் போயிருக்கலாம், அல்லது யாராவது முன்பே ஆசிட் விட்டிருக்கலாம்.

இந்தப் பத்து நிமிடச் சோதனையை நான் செய்யவில்லை. கருத்த திட்டு ஒன்றைப் பார்த்ததும் நேராக ஆசிட்டை எடுத்து, சரியாக அந்தத் திட்டின் மேல் மட்டும் ஊற்றித் தேய்த்தேன். நுரை பொங்கியபோது ஏதோ பெரிதாகச் சாதித்த மாதிரி இருந்தது. மறுநாள் காய்ந்த பிறகு பார்த்தால், கருப்புத் திட்டுக்கு நடுவில் மணல் தெரிய ஒரு வெள்ளைத் திட்டு, அதிலிருந்து சரிவு பார்த்து ஓடிய நாலு கோடுகள். கருப்பு அப்படியே இருந்தது, அதன் மேல் நான் ஒரு வரைபடம் போட்டிருந்தேன், அவ்வளவுதான். அதை மறைக்க, கோடு வெட்டிப் பிரித்திருந்த அந்தக் கட்டம் முழுவதையும் மறுபடி செய்ய வேண்டியதாயிற்று.

அதனால் வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மேலே படிந்ததைக் கழுவலாம். உள்ளே இருப்பதைக் கழுவ முடியாது, ஒன்று காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் முழுவதையும் ஒரே மாதிரி ஆக்க வேண்டும். உள்ளே இருப்பதைக் கழுவப் போகிறவர்கள்தான் தளத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

புதுத் தளமா? கொஞ்சம் பொறுங்கள்

போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை என்றால் திட்டுகளைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. கான்கிரீட் ஒரே சீராகக் காய்வதில்லை, ஓரம் சீக்கிரம் காயும், நிழல் விழும் இடம் ஈரமாகவே இருக்கும், அடியில் மண் எங்கே தண்ணீரை உறிஞ்சியதோ அங்கே மேலே வெளுக்கும். இதில் பாதி சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தானாகவே அடங்கிவிடும். இரும்பு உலைக் கசடு கலந்த சிமெண்ட்டாக இருந்தால் ஆரம்பத்தில் லேசான பச்சையும் நீலமும் கலந்த சாயல் வரும், காற்றுப் பட்டுப் பட்டு அதுவும் போய்விடும். அதற்கு யாராவது கெமிக்கல் விற்க வந்தால் வாங்காதீர்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. சீக்கிரம் இறுகட்டும் என்று கலவையில் கால்சியம் குளோரைடு சேர்த்திருந்தால் வரும் கருப்பு அவ்வளவு எளிதில் மங்காது. சிமெண்ட்டின் சாம்பல் நிறத்துக்குக் காரணமே அதிலுள்ள இரும்புச் சேர்மம்தான். அது தண்ணீரோடு முழுமையாக வினைபுரிந்தால் வெளிறும், வினை தடைபட்டால் கருப்பாகவே தங்கிவிடும். குளோரைடு அந்த இடத்தில்தான் குறுக்கே நிற்கிறது. இதற்கு முதல் வைத்தியம் வெந்நீர். எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது: தளம் முழுவதும் வெந்நீர் விட்டு, நார் பிரஷ்ஷால் தேய்த்து, கழுவி விட்டு, ஓர் இரவு காய விடுங்கள். மறுநாள் திரும்பவும். நாலைந்து முறை செய்த பிறகுதான் வித்தியாசம் தெரியும், முதல் நாளே ஒன்றும் நடக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

இது ஏன் வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது

மேஸ்திரியோடு சண்டை போடுவதற்காகச் சொல்லவில்லை. காரணம் தெரிந்தால் எந்த வழி பலிக்கும் என்று முன்கூட்டியே தெரியும்.

பெரும்பாலும் குற்றவாளி தண்ணீர். ஒரு லோடில் அளவாகத் தண்ணீர், அடுத்த லோடு கெட்டியாக இருக்கிறது என்று குழாயைத் திறந்து விட்டார்கள் என்றால், இரண்டாவது வெளுப்பாகத்தான் காயும். தண்ணீர் குறைந்த கலவை கருத்துக் காயும், கூடினால் வெளுக்கும். மேலே தேய்த்து மழமழப்பாக்கும்போது பரப்பு காய்ந்துவிட்டது என்று பிரஷ்ஷால் தண்ணீர் தெளிப்பார்கள், அந்த இடங்கள் வெளிறி, போகப் போகத் தூசி விடும். அதற்கு நேர் எதிராக, மேலே ஊறி நிற்கும் தண்ணீரை உறிஞ்ச வெறும் சிமெண்ட்டைத் தூவுவார்கள், அங்கே நிறம் தனியாகத் தெரியும். இன்னொன்று, இறுகிப்போன பிறகும் விடாமல் இரும்புக் கரண்டியால் அழுத்தி அழுத்தித் தேய்ப்பது. பரப்பில் தண்ணீரின் அளவு குறைந்து, அடர்த்தி கூடி, கிட்டத்தட்ட எரிந்த மாதிரி கருப்பாகிவிடும். கரண்டி போன வளைவு வளைவான தடத்தை அதில் பார்க்கலாம்.

அப்புறம் பிளாஸ்டிக் ஷீட். நீராற்றுவதற்கு ஷீட்டைப் போர்த்தி வைத்தால் கான்கிரீட்டை ஒட்டிய இடம் ஒரு நிறம், சுருக்கம் விழுந்து தூக்கி நின்ற இடம் இன்னொரு நிறம். எடுத்துப் பார்த்தால் கசங்கிய துணியைப் படம் எடுத்து ஒட்டிய மாதிரி இருக்கும். நரம்பு நரம்பாகக் கிளை விட்டு ஓடும் திட்டைப் பார்த்தால் யோசிக்கவே வேண்டாம், ஷீட்தான்.

வேலை இன்னும் பாக்கி இருந்தால், மீதிக் கட்டங்களுக்கு இவ்வளவு போதும்: ஒரே சிமெண்ட், அளந்த தண்ணீர், கொட்டுவதற்கு முன் அடித்தரையை ஒரே சீராக நனைப்பது, மேலே தண்ணீரோ சிமெண்ட்டோ தெளிக்காமல் இருப்பது, ஷீட்டுக்குப் பதிலாக, ஈரம் போகாமல் தடுக்கும் க்யூரிங் காம்பவுண்டை ஸ்பிரேயில் அடிப்பது.

மேலே படிந்தவை

உப்புப் பூத்தலில் ஆரம்பிக்கலாம். கான்கிரீட்டுக்குள் இருக்கும் சுண்ணாம்பு ஈரத்தோடு மேலே வந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெள்ளைப் படலமாக உட்காருகிறது. வினிகர் சொட்டு விட்டு நுரைத்தால் உப்பு என்று சொல்வார்கள், நம்பாதீர்கள், நல்ல கான்கிரீட்டும் வினிகருக்கு நுரைக்கத்தான் செய்யும். புதிதாகப் பூத்திருந்தால் காய்ந்த நார் பிரஷ்ஷால் முதலில் தேய்த்து, அந்தத் தூளைக் கூட்டி அள்ளிவிடுங்கள். உடனே தண்ணீர் விட்டால் உப்பு கரைந்து திரும்பவும் உள்ளே போய்விடும். அள்ளிய பிறகு கழுவுங்கள். பல நேரங்களில் இதுவே போதும்.

போகவில்லை என்றால்தான் ஆசிட். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் 1 பங்குக்குத் தண்ணீர் 20 பங்கு என்று ஆரம்பியுங்கள், அதற்கும் அசையாவிட்டால் 1-க்கு 10, அதற்கு மேல் காட்டமாகப் போகாதீர்கள். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். ரப்பர் கையுறை, கண்ணாடி, மூடிய செருப்பு மூன்றும் கட்டாயம். தளத்தை முதலில் நன்றாக நனைத்துவிடுங்கள், ஆசிட் மேற்பரப்போடு நிற்கும், உள்ளே இறங்காது. கலவையைப் பரப்பி, சில நிமிடங்கள் தேய்த்து, காய்வதற்குள் கழுவிவிட வேண்டும். அப்புறம் சமையல் சோடா கரைத்த தண்ணீரை ஊற்றி மிச்ச ஆசிட்டை அடக்கிவிட்டு, நிறையத் தண்ணீர் விட்டு இன்னொரு கழுவல். ஓரத்தில் செடி இருந்தால் முன்னும் பின்னும் அவற்றை நனைத்துவிடுங்கள், இரும்பு கேட்டுக்குக் கீழே ஓடவும் விடாதீர்கள்.

உப்பு திரும்பத் திரும்பப் பூக்கிறது என்றால் அடியிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டிருக்கிறது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பிளாஸ்டிக் துண்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, 16 மணி நேரம் கழித்து எடுத்துப் பாருங்கள். அடியில் நீர்த்துளியோ, கான்கிரீட் கருத்தோ இருந்தால் முதல் வேலை தண்ணீர் போகும் வழியைச் சரிசெய்வதுதான். அதைச் செய்யாமல் மேலே எதை அடித்தாலும் வீண்.

துருக்கறைக்கு ஹைட்ரோகுளோரிக் ஆசிட் வேண்டாம், மஞ்சளைப் பரப்பிவிடும். அதற்கு ஆக்ஸாலிக் ஆசிட் தூள். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 100 கிராம் போட்டுக் கரைத்து, கறையில் விட்டு, காயாமல் இரண்டு மூன்று மணி நேரம் வைத்திருந்து தேய்த்துக் கழுவுங்கள். இது விஷம், குழந்தைகளும் நாயும் அந்தப் பக்கம் வரக் கூடாது.

எண்ணெய் சிந்திய இடத்தைத் தண்ணீரில் கழுவிப் பயனில்லை. புதிதென்றால் மரத்தூளைக் கொட்டி உறிஞ்ச விடுங்கள். பழைய கறையென்றால் டால்க் மாதிரி நைசான தூளை எண்ணெய்க்கறை நீக்கும் திரவத்தில் பிசைந்து, தோசை மாவைவிடக் கெட்டியாக, அரை இஞ்ச் கனத்துக்கு அப்பி, மேலே பிளாஸ்டிக் போட்டு ஒரு நாள் மூடி வையுங்கள். பிறகு பிளாஸ்டிக்கை எடுத்துக் காய விட்டு, சுரண்டி எடுத்தால் தூளில் பழுப்பு ஏறியிருப்பது தெரியும். இரண்டு மூன்று முறை செய்தாலும் கொஞ்சம் நிழல் மிஞ்சும், அதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

பாசி, பூஞ்சைக் கருப்பு, இலை விழுந்து ஊறிய பழுப்புக் கறைக்கு ப்ளீச் கலந்த தண்ணீர். ஆசிட் விட்ட தளத்தில் அதே நாளில் ப்ளீச்சை ஊற்றாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், திறந்த வெளி என்ற தைரியமெல்லாம் அதனிடம் செல்லாது.

பிரஷர் வாஷர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊசி மாதிரிப் பீய்ச்சும் முனையைக் கழற்றி வைத்துவிட்டு 25 டிகிரி விசிறி முனையைப் போடுங்கள், தளத்திலிருந்து ஓர் அடி தள்ளிப் பிடித்து, ஒவ்வொரு இழுப்பும் முந்தையதைப் பாதி மூடும்படி ஒரே வேகத்தில் நகர்த்துங்கள். இல்லாவிட்டால் திட்டுக்குப் பதில் வரிக்குதிரை கிடைக்கும்.

உள்ளே இருக்கும் நிறத்துக்கு

கழுவிக் காய்ந்த பிறகும் நிற்கிறதா? சரி, இனி ஒரே ஒரு விதிதான்: எதைச் செய்தாலும் ஜாயின்ட்டிலிருந்து (கட்டங்களைப் பிரிக்கும் வெட்டுக்கோடு) ஜாயின்ட் வரை, ஒரு கட்டம் முழுவதும் செய்யுங்கள். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் கொஞ்சம் வேறு வேறு நிறத்தில் இருந்தால் கண் அதை வடிவமைப்பு என்று எடுத்துக்கொள்ளும். ஒரு கட்டத்துக்கு நடுவில் வித்தியாசம் இருந்தால் நூறு அடி தள்ளி நின்றாலும் உறுத்தும்.

வெந்நீருக்கு மசியாத கருந்திட்டுக்கு டை அம்மோனியம் சிட்ரேட் என்ற வெள்ளை உப்பு பலன் தரும். 20 முதல் 30 சதவீதக் கரைசல், அதாவது 100 கிராம் கரைசலில் 20 முதல் 30 கிராம் உப்பு. காய்ந்த தளத்தில் ஊற்றி 15 நிமிடம் வையுங்கள். மேலே வெள்ளையாகக் கூழ் மாதிரி ஒன்று உருவாகும், அது காய்ந்து ஒட்டிக்கொள்ளாமல் தண்ணீர் தெளித்து பிரஷ் ஓட்டிக்கொண்டே இருந்து, பிறகு தேய்த்துக் கழுவுங்கள். வேண்டுமென்றால் இன்னொரு முறை. ஆசிட் மாதிரி இது பரப்பை அரிக்காது, அதனால் நான் முதலில் இதைத்தான் சொல்வேன். கரண்டியால் தேய்த்து எரிந்த கருப்புக்கு மட்டும் இதிலும் பெரிய எதிர்பார்ப்பு வைக்காதீர்கள்.

அதற்கடுத்து நிறம் ஏற்றுவது. இங்கே பலர் ஏமாறும் இடம் ஆசிட் ஸ்டெயின். பெயர் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் அது கான்கிரீட்டிலுள்ள சுண்ணாம்போடு வினைபுரிந்து நிறம் தருவது, சுண்ணாம்பு எங்கே கூடுதலோ அங்கே கூடுதலாகப் பிடிக்கும், அதாவது உங்கள் திட்டை இன்னும் எடுப்பாகக் காட்டிவிடும். திட்டே அழகு என்று நினைப்பவர்களுக்குச் சரி. சமமாக்க வேண்டும் என்றால் தண்ணீர் அடிப்படையிலான ஸ்டெயின், அல்லது நிறம் கலந்த சீலர். வெயில் படும் இடத்துக்கு டை எனப்படும் சாயம் வேண்டாம், வெளுத்துவிடும். இன்னொன்று, ஒளி ஊடுருவும் ஸ்டெயின் எதுவும் கருப்பை வெளுப்பாக்காது. தளத்தில் எது மிகக் கருத்த இடமோ அதைவிடக் கொஞ்சம் அழுத்தமான நிறத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், அப்போதுதான் வெளுத்த இடங்கள் மேலே ஏறி வந்து சேரும்.

வாங்கியதும் அடித்துவிடாதீர்கள். மிகக் கருத்த இடத்தில் இரண்டடி, மிக வெளுத்த இடத்தில் இரண்டடி, கார் மறைக்கும் இடமாகப் பார்த்துச் சோதனை போட்டு, இரண்டு மூன்று நாள் கழித்து, காலையிலும் சாயங்காலமும் போய்ப் பாருங்கள். நின்ற வெயிலில் ஒன்றாகத் தெரிவது சாய்ந்த வெயிலில் இரண்டாகத் தெரியும். புதுத் தளமென்றால் 28 நாள் ஆகாமல் இந்தப் பக்கமே வராதீர்கள்.

வெறும் சிமெண்ட்டைத் தண்ணீரில் கரைத்துப் பூசிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். மலிவுதான், ஆனால் டயர் ஏறும் இடத்தில் சில வாரங்களில் சிம்பு சிம்பாகப் பெயர்ந்து, முன்பிருந்ததைவிட மோசமாகிவிடும். பெயின்ட்டுக்கும் கிட்டத்தட்ட அதே கதி, சூடான டயர் அதைப் பிடித்து உரித்துக்கொண்டு போகும். மூட வேண்டும் என்று முடிவெடுத்தால் பாலிமர் கலந்த மேற்பூச்சு வாங்குங்கள். பழைய பரப்பைச் சொரசொரப்பாக்கி, நனைத்து, ஆனால் தண்ணீர் தேங்காமல் துடைத்துவிட்டு, இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு இழுக்க வேண்டும். பழைய ஜாயின்ட் எங்கே இருக்கிறதோ அதே கோட்டில் பூச்சையும் வெட்டி விடுங்கள், இல்லையென்றால் அது தானாகவே வெடித்துக்கொள்ளும். பழக்கமில்லாத கைக்கு இது சுலபமில்லை. ஒரு சின்னக் கட்டத்தில் பழகிப் பார்த்து, சரிவரவில்லை என்றால் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

ஒட்டுப் போட்ட இடம் மட்டும் கருப்பாக நிற்கிறது என்பது தனிக் கதை. பழைய கான்கிரீட்டுக்குப் பக்கத்தில் புதுச் சாந்து கருத்தே காயும். ஒட்டுப் போடும் முன் சாம்பல் சிமெண்ட்டில் ஒரு பங்கை எடுத்துவிட்டு வெள்ளைச் சிமெண்ட் சேர்த்து, மூன்று வெவ்வேறு அளவில் சின்ன வடை மாதிரி தட்டி, ஒரு வாரம் காய வைத்து, தளத்தின் மேல் வைத்துப் பாருங்கள். ஈரத்தில் ஒப்பிட்டால் நிச்சயம் ஏமாறுவீர்கள்.

கடைசியில் சீலர்

நிறத்தை மாற்றாமல் காப்பாற்ற மட்டும் வேண்டும் என்றால் சைலேன், சைலோக்சேன் வகை உள்ளே ஊடுருவும் சீலர். மேலே படலமாக நிற்கும் அக்ரிலிக் சீலர் தளத்தை நனைந்த மாதிரி காட்டும். அந்த முதல் வாளித் தண்ணீர்ச் சோதனையில் நனைந்தபோது ஒரே நிறமானவர்களுக்கு இது அதிர்ஷ்டம், நனைந்தும் கருப்பு தனியாகத் தெரிந்தவர்களுக்கு இன்னும் எடுப்பாகிவிடும். ஈரம் உள்ளே இருக்கும்போது அடித்தால் பால் மாதிரி வெளுத்துவிடும், ஒரே கனமான கோட்டாக அடித்தாலும் அப்படித்தான். மெல்லிசாக இரண்டு கோட்டு, இரண்டாவதை முதலுக்குக் குறுக்காக ஓட்டுங்கள். சரிவான தளமென்றால் வழுக்காமல் இருக்கச் சேர்க்கும் தூளை இரண்டாவது கோட்டில் கலந்துகொள்ளுங்கள். டப்பாவில் வண்டி ஏற்ற எத்தனை நாள் என்று போட்டிருக்கும். அதைவிட ஒரு நாள் கூடுதலாகவே காரைத் தெருவில் நிறுத்துங்கள், டயர் தடம் பதிந்துவிட்டால் அந்தக் கட்டத்தை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும்.